இல்லத்தின் உட்சுவருக்கு நிறந் தெரிதல்

விழா என்றவுடன் எம்மவர் நெஞ்சில் முதலில் எழும் எண்ணம் வெள்ளையடித்தல். தைப்பொங்கலாயினும், மகளின் திருமணமாயினும், கோவிற் கொடியேற்றமாயினும், கல்லூரியின் ஆண்டு நிறைவாயினும், சுவரைப் புதுக்காமல் நாம் எதனையும் தொடங்குவதில்லை. இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபொழுது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை எடுத்தெழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். ஆயினும், சில ஆண்டுகளாக எம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சுவர் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. தமிழாசிரியருக்குச் சுவரைப் பற்றி யாது தெரியும் என வினவுவோர் பொறுத்தருள்க. இது தவறு செய்து கற்ற பாடம்.

எம்மிடம் பயின்ற மாணவரொருவர் கனடாவில் வாழ்கின்றார். அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலே, கணவனாரின் பாட்டனார் கட்டிய நாற்சார் வீட்டில் இருப்பவர். எண்பதை அண்மிய அகவையினர். இரு கண்ணிலும் புரை படர்ந்தவர். 2019ஆம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பொலிவாக்க வேண்டுமென மகன் விரும்பினார். தம் ஊரிற் புதிய வீடுகளிலெல்லாம் கண்டு மகிழ்ந்த சாம்பல் நிறத்தையே இவ்வீட்டுக்கும் தெரிந்தார். கழுவத்தக்க, பளபளப்பு மிகுந்த பூச்சு வேண்டுமென்றார். சுவருக்கும் கதவுக்கும் நிலைக்கும் ஒரே நிறம். அந்நிறத்தின் படத்தை எமக்கும் அனுப்பி, “சேர், எப்படி இருக்குது?” என்று வினவினார். நாம் இரவிலே குழல் விளக்கின்கீழ் இருந்து, கைப்பேசியின் நான்கு விரலகலத் திரையிற் பார்த்து, “நன்று” என மறுமொழி விடுத்தோம்.

பொங்கலன்று அவ்வீட்டுக்குச் சென்றோம். சுவர்கள் கண்ணாடி போல் மின்னின. அம்மையார் எம்மை இருக்கச் சொல்லிவிட்டு, “மாஸ்ரர், லைற் போட்டாலும் வீடு மப்பாய்க் கிடக்குது” என்றார். அதன்பின் நிலையின் விளிம்பு தெரியாது ஒருநாள் தோளை இடித்துக்கொண்டார் என்றும் அறிந்தோம். அவ்வாண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் சுவரின் அடிப்பாகம் கொப்புளித்தது. கார்த்திகையில் அப்பளம் போல் உரிந்தது. உரிந்த ஏட்டின் பின்புறத்தில் வெண்பொடி அப்பியிருந்தது. செலவழிந்த பணத்தைப் பற்றி அம்மையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனுக்குச் சொல்ல வேண்டாமென்று மட்டும் எம்மைக் கேட்டுக்கொண்டார்.

இனி அச்சுவருக்கு நேர்ந்தது யாதென ஆராய்வோம். நாற்சார் வீடுகளின் சுவர் பெரும்பாலும் சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு எழுந்தது. அக்காலத்து அத்திவாரத்தில் ஈரந்தடுக்கும் படை இல்லை. நிலத்து நீர் சுவரினூடாக மேலேறும். ஏறிய நீர் சுவரின் மேற்பரப்பால் ஆவியாகிப் போகும். சுண்ணாம்புப் பூச்சு நுண்டுளை நிறைந்தது. ஆதலின் சுவர் மூச்சு விட்டுக்கொண்டே நூறாண்டு நின்றது. இக்காலத்து எமல்சன் தீந்தை, நீரிற் பரந்த பல்பகுதியத் துணிக்கைகள் உலர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய தோலாவது. பளபளப்பு மிகுந்தோறும் அத்தோல் செறிவு மிகும். அதன்கீழே புட்டியும் இழைத்துவிட்டால் ஈரம் வெளியேறும் வழி அடைபடும். ஈரத்தோடு வந்த உப்பு தோலின் பின்னே பளிங்காகி வளர்ந்து அதனைத் தள்ளும். கரையோர ஊர்களில், உவர்நீர் விட்டுச் சாந்து குழைத்த வீடுகளில், இக்கேடு இரட்டிப்பாகும். நாம் கண்ட வெண்பொடி அவ்வுப்பே.

இங்கு வியப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மிகுந்து, மார்கழியில் மெல்லத் தணியும். எனவே பொங்கலுக்கு முன்னர் எம் சுவர்கள் ஆண்டிலேயே மிகுந்த ஈரத்தைக் கொண்டிருக்கும். அந்நாளில் வெள்ளையடித்த எம் முன்னோர் அறியாதவரா? அல்லர். சுண்ணாம்பு ஈரச் சுவரையே விரும்பும். உலர்ந்த சுவரிலும் நீர் தெளித்தே அதனைப் பூசுவர். நீற்றிய சுண்ணாம்பாகிய கல்சியமைதரொட்சைட்டு, வளியிலுள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக ஏற்று மீண்டுங் கல்லாகிக் கல்சியங் காபனேற்றாக மாறுதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் விரைந்து உலர்ந்தால் அது பொடியாகிக் கையில் ஒட்டும். ஆகவே மார்கழி ஈரமும் இளவெயிலும் வெள்ளையடிப்புக்கு ஏற்றவை. எமல்சனுக்கோ அந்நாளே ஆகாத நாள். நாம் பொருளை மாற்றினோம், நாளை மாற்றவில்லை. சுண்ணச் சுவரில் எமல்சன் பூசுதல் எந்நாளும் ஏற்றதன்று. சீமெந்துச் சுவருக்கு எமல்சன் பூச விரும்புவோர், சோளகக் காற்றுச் சுவரை உலர்த்திய பின்னர், ஆனி ஆடியிற் பூசுக. புழுதி படியாதிருக்கக் காற்றடிக்கும் பக்கத்துக் கதவைச் சாத்தி வைத்தல் வேண்டும்.

புதுச் சீமெந்து வீட்டினருக்கும் ஓர் எச்சரிக்கை. புதிய சாந்து கடுங்காரத் தன்மையது. குறைந்தது நான்கு கிழமையேனும் அதனை உலரவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சைப் பூசியபின்னரே நிறப்பூச்சைத் தொடங்கவேண்டும். எண்ணெய் கலந்த எனமலை அவசரப்பட்டுப் பூசினால், காரமும் எண்ணெயுங் கூடிச் சவர்க்காரமாகிவிடும். மேல்வகுப்பில் இரசாயனங் கற்றார் அதனை அறிவர். கல்லாதார் சுவரைத் தொட்டுப் பார்த்து அறிவர்.

சுவர் ஏற்கும் பூச்சு இன்னதென்று தெளிந்தபின், அதன் மினுக்கத்தை நோக்குவோம். கடைகளில் ‘மற்’, ‘சில்க்’, ‘செமி குளொஸ்’, ‘குளொஸ்’ என்று வழங்குபவற்றை நாம் மங்கல், இளமினுக்கம், அரைப் பளபளப்பு, முழுப் பளபளப்பு எனக் கூறலாம். மங்கற் பூச்சு ஒளியைப் பல திசையிலுஞ் சிதறச் செய்யும். சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும். ஆனால் அழுக்கைக் கழுவத் தேய்த்தால் தடம் விழும். பளபளப்பான பூச்சு கழுவுவதற்கு இனியது. ஆனால் மேசனின் கை பிசகிய இடமெல்லாம் பறைசாற்றும். அன்றியும் விளக்கையும் சாளரத்தையும் தன்னுள்ளே காட்டிக் கண்ணைக் கூசச்செய்யும்.

இக்கூச்சத்தை நாம் ஒரு கரும்பலகையில் அறிந்தோம். முன்னர் யாம் படிப்பித்த பாடசாலையொன்றிற் கரும்பலகைக்குரிய மங்கற் பூச்சுக்கு மாறாகப் பளபளக்கும் கறுப்பு எனமலைப் பூசிவிட்டனர். பலகை அழகாகவே இருந்தது. ஆயினும் சாளரத்துக்கு எதிர்ப்புறம் இருந்த இரண்டு வாங்கு மாணவர்களும் எழுத்துக் கூட்டல் தவறுகளாகவே எழுதினர். அவர்களை நாம் ஒரு கிழமை கடிந்துகொண்டோம். பின்னர் அவர்களுடைய வாங்கில் யாமே அமர்ந்து பார்த்தபொழுது பலகையில் எழுத்தே தெரியவில்லை. தென்னோலையும் வானமுமே தெரிந்தன. புரை படர்ந்த கண் ஒளியைத் தன்னுள்ளேயே சிதறச் செய்வது. அத்தகைய கண்ணுடையார் வாழும் வீட்டிற்குப் பளபளக்குஞ் சுவர் எத்துணைத் துன்பந் தரும் என்பதை அவ்வாங்கில் இருந்தபொழுதே நாம் உணர்ந்திருக்கவேண்டும்.

ஆதலின் கூரையின் உட்புறத்துக்கும் படுக்கையறைக்கும் மங்கற் பூச்சு. கைபடும் விறாந்தைக்கும் பிள்ளைகள் ஓடும் நடைக்கும் இளமினுக்கம். கதவு, நிலை, சாளரச் சட்டங்களுக்கு அரைப் பளபளப்பு என அமைத்தல் நன்று. விறகடுப்பு எரியும் குசினிக்குச் சுண்ணாம்பையே பரிந்துரைப்போம். புகைபடிந்த எமல்சனைக் கழுவி மாய்வதிலும், ஆண்டுக்கொருமுறை வெள்ளையடித்தல் எளிது, மலிவு. சுவாமியறையில் விளக்கின் பின்னேயுள்ள சுவர் மட்டும் கரி பிடிக்கும்; அவ்விடத்தைக் கழுவத்தக்கதாகச் செய்துகொண்டாற் போதும்.

நிறத்துக்கு வருவோம். நிறம் அட்டையில் உள்ளதன்று. அறையின் ஒளியில் உள்ளது. மேலைநாட்டு நூல்கள், வடக்கு நோக்கிய அறைக்கு வெயில் வாராது, அதற்கு மஞ்சள் சார்ந்த வெப்பநிறம் பூசுக என்று கூறும். 51 பாகை அகலக்கோட்டிலுள்ள இலண்டனுக்கு அது பொருந்தும். யாழ்ப்பாணமோ 10 பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளது. சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாள்களிற் கதிரவன் எம் உச்சிக்கு நேரே வந்து, வடபுறஞ் சென்று, ஆவணி நடுவில் மீள்கின்றான். எமக்கு வடக்குச் சாளரத்திலும் ஆனி மாதத்து வெயில் விழும். எம் வீடுகளில் ஒளியை முடிவு செய்பவை திசையினும் தாழ்வாரமும் முற்றமுமே. தாழ்ந்த இறப்பும் அகன்ற விறாந்தையும் கடந்து உள்ளறைக்குச் செல்லும் ஒளி மிகச் சிறிது. விறாந்தையிலோ முற்றத்து வெண்மணல் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்கும். ஆகவே விறாந்தைச் சுவருக்குத் தூவெண்மை வேண்டாம். சந்தனமோ இளங்காவியோ கண்ணுக்கு ஆறுதல் தரும். உள்ளறைக்கு வெண்மையும் அதனை ஒட்டிய மென்னிறங்களுமே ஏற்றவை.

இதனை எண்ணாலும் அளக்கலாம். உற்பத்தியாளர் சிலர் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளித்தெறிப்பு எண்ணைக் குறித்துள்ளனர். முற்றிய கறுப்புக்கு 0, நிறைவெண்மைக்கு 100. ஒளி குன்றிய அறைக்கு 70இற்கு மேற்பட்ட எண்ணுடைய நிறத்தைத் தெரிக. பார்வை குன்றியோர் வாழும் வீட்டிற் சுவருக்கும் கதவு நிலைக்கும் இடையே 30 எண்ணேனும் வேறுபாடு வேண்டும் எனப் பிரித்தானியக் கட்டட வழிகாட்டிகள் கூறுகின்றன. மின்னாளியைச் சுற்றியும் படியின் விளிம்பிலும் அவ்வேறுபாடு இருத்தல் நன்று. முதுமையிற் கண்வில்லை மஞ்சளித்து நீல ஒளியை வடித்துவிடும். இளநீலம் அவர்களுக்குச் சாம்பலாகவே தோன்றும். சாம்பல் சுவரில் சாம்பல் நிலை வைத்த வீட்டில் அம்மையார் தோளை இடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு தேடவேண்டியதில்லை.

நிலத்தின் நிறத்தையும் மறத்தலாகாது. எம் வீடுகள் பலவற்றிற் சிவப்புச் சீமெந்து மெழுகிய நிலம் உண்டு. அதிற் பட்ட ஒளி சுவரின் அடியை இளஞ்சிவப்பாக்கும். அன்றியும் ஒரு நிறத்தின் அருகே இருக்கும் மற்றொரு நிறம், முன்னதன் எதிர்நிறச் சாயலைப் பெற்றதாகக் கண்ணுக்குத் தோன்றும். பாரிசு நகரத்துக் கோபிலின் நெசவுச்சாலையிற் சாயப்பகுதிக்குத் தலைவராயிருந்த செவ்ரெல் என்பார், நெசவாளர் கறுப்பு நூல் மங்கலாயிருக்கின்றதென முறையிட்டதை ஆராய்ந்து, குறை நூலில் இல்லை, அண்டையிலுள்ள நிறத்திலேயே உள்ளது எனக் கண்டார். அவர் நூல் 1839இல் வெளிவந்தது. சிவப்பு நிலத்தின்மேல் இளம்பச்சைச் சுவர் எழுப்புவோர், அட்டையிற் கண்டதினும் கூடிய பச்சையைக் காண்பது இதனாலேயே.

சொல்லாலும் இடர் உண்டு. இவ்விடத்தில் யாம் எம் தொழிலுக்குத் திரும்புகின்றோம். கறுப்பு, சிவப்பு என்னுஞ் சொற்கள் வெகுளியையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் கூறும். பசுமை என்பதோ இலையையும் குறிக்கும், பொன்னையும் குறிக்கும், பழமை அடையாமையையும் குறிக்கும். இத்துணை விரிந்த பொருளுடைய சொல்லை வைத்துக்கொண்டு, “பச்சை அடியுங்கோ” என வேலையாளிடம் கூறிவிட்டு வெளியூர் சென்றவர், திரும்பி வந்து அவரோடு சண்டையிடுதல் முறையன்று. ஆங்கில அட்டையிலுள்ள பெயரும் உதவாது. ஒரு கடையின் பெயர் மறுகடையில் வேறு நிறம். அட்டையின் குறியீட்டு எண்ணை எழுதிக்கொடுங்கள். அட்டை இல்லாதவிடத்துப் பொருளைச் சொல்லுங்கள். குருத்தோலை, வழுக்கை இளநீர், நாவற்பழத் தோல், தேய்த்த சந்தனம் என்றால் எம்மூரிற் பிழைபட விளங்குவார் இலர்.

நிறத்தைச் சோதிக்கும் முறையும் எளிது. ஈரடி நீள அகலமுடைய கடுதாசி மட்டையில் இருமுறை பூசி நன்கு உலர விடுக. எமல்சன் ஈரத்தில் வெளிறித் தோன்றி உலர்ந்தபின் கறுக்கும். சுண்ணாம்போ ஈரத்தில் நிறமற்றதுபோல் இருந்து உலர்ந்தபின் வெளுக்கும். மட்டையை ஒவ்வொரு சுவரிலும் மாறிமாறிச் சாத்தி, காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் நோக்குக. இரவில் அவ்வறைக்குரிய விளக்கை ஏற்றியும் பார்த்தல் வேண்டும். 2700 கெல்வின் எனக் குறித்த மின்குமிழ் மஞ்சளொளி தரும். 6500 என்பது நீலம் கலந்த வெள்ளொளி. பகலிற் சந்தனமாயிருந்தது இரவிற் சுண்ணாம்பாகத் தோன்றினால் விளக்கை மாற்றுவது மலிவு. சிற்றட்டையிற் பிடித்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியபின் ஒன்றிலொன்று தெறித்துக் கடுமையாகும். ஆதலின் பிடித்ததற்கு ஒருபடி இளையதைத் தெரிக. இளநீலம் பூசினால் அறை குளிரும் என்பார் உளர். உட்சுவர் நிறத்தால் வெப்பம் பெரிதும் குறையாது. அது கூரைக்கும் வெளிச்சுவருக்கும் உரிய வேலை.

வாங்கும் அளவையும் கூறிவிடுவோம். 12 அடிச் சதுரமும் 10 அடி உயரமுமுள்ள அறையின் சுவர்ப்பரப்பு 480 சதுர அடி. கதவு சாளரங்களுக்கு 60ஐக் கழித்தால் 420. அஃதாவது ஏறத்தாழ 39 சதுர மீற்றர். ஒரு லீற்றர் எமல்சன் ஒரு பூச்சுக்கு 10 சதுர மீற்றரளவு செல்லும். இரு பூச்சுக்கு 8 லீற்றர். நாலு லீற்றர்த் தகரம் இரண்டு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி ஒன்றாகக் கலந்துகொள்க.

பழைய கதவைச் சுரண்டுவோர் ஈண்டு கவனிக்க. முற்காலத்து எனமல்களில், சிறப்பாக மஞ்சளிலும் பச்சையிலும் சிவப்பிலும், ஈயச் சேர்வைகள் கலந்திருந்தன. அத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இலங்கையில் 2011இல் விதிக்கப்பட்டு 2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கட்டளையே தீந்தையில் ஈயத்தின் அளவுக்கு எல்லை வகுத்தது. அதற்கு முன் பூசிய கதவை உலரத் தேய்க்கற்க. நீர் நனைத்த தேய்ப்புத்தாளால் தேய்த்து, கழிவைச் சாக்கில் திரட்டி அகற்றுக. பிள்ளைகளை அந்நாளில் வேறு வீட்டில் விடுக.

அம்மையாரின் வீட்டுக்கு மீள்வோம். மகனுக்குச் சொல்ல வேண்டாமென்ற வேண்டுகோளை நாம் காப்பாற்றவில்லை. நிகழ்ந்ததனைத்தையும், எமது “நன்று” என்ற மறுமொழியையும் சேர்த்து அவருக்கு எழுதினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “அம்மாவுக்கு என்ன நிறம் விருப்பம் எண்டு நான் கேட்கவே இல்லை, சேர்” என்றார். அடுத்த சோளகத்தில் உரிந்த பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தோம். பழுதான இடத்தைச் சீமெந்தால் அடைக்காமற் சுண்ணச்சாந்தாலேயே அடைத்தோம். கடலில் முருகைக்கல் அகழ்தல் இப்பொழுது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆதலின் பையிலடைத்து விற்கும் சுண்ணாம்பை வாங்கிச் சில நாள் ஊறவைத்து, துணியில் வடித்து, கஞ்சி சிறிது சேர்த்துப் பால்போற் கரைத்தோம். வடிக்கும்போதும் பூசும்போதும் கண்ணுக்குக் காப்பு வேண்டும். சுண்ணாம்பு தெறித்தாற் பார்வைக்கே கேடு.

நிறமூட்ட எண்ணியபொழுது இன்னொன்றை அறிந்தோம். சுண்ணாம்பின் காரத்தை எல்லா நிறமும் தாங்கா. பிரசிய நீலம் அதில் அழிந்துபோம். மண்ணில் விளைந்த காவியும் மஞ்சட்காவியும், சலவைக்கிடும் நீலமும் தாங்கும். எம் பழைய வீடுகளும் கோவில் மதில்களும் வெள்ளை, காவி, இளநீலம் என்னுஞ் சில நிறங்களிலேயே நின்றமை சுவைக்குறையால் அன்று. சுண்ணாம்பு அவற்றையே ஏற்றது.

சுவருக்கு நீர் தெளித்து, நாளுக்கொரு பூச்சாக மூன்று மெல்லிய பூச்சுப் பூசப்பட்டது. மஞ்சட்காவி மிகச் சிறிதே சேர்த்தோம். மூன்றாம் பூச்சு உலர்ந்த அன்று அம்மையார் நடுக்கூடத்தில் நின்று நாற்புறமும் பார்த்தார். பின்னர், நிலைக்கும் கதவுக்கும் தாம் மணமாகி வந்தபொழுது இருந்த கரும்பச்சையே வேண்டும் என்றார். அட்டையின் எண் எதுவெனக் கேட்டோம். அவர் சாமான் அறைக்குட் சென்று, அந்நிறம் இன்னும் மாறாதிருந்த பழைய சாளரப் பலகைத் துண்டொன்றை எடுத்து வந்து எம் கையில் தந்தார்.